மாற்றித் தரச் சொன்ன வாக்குத்தத்தம்

புத்தாண்டு ஆராதனை முடிந்து, பிரியாணி தின்று, ஊரே படுத்துக் கிடந்த மத்தியானத்தில் எப்சிபாய் குடையை விரித்துக்கொண்டு தபித்தாள் டீச்சர் வீட்டுக்குப் போனாள். கையில் ஓர் அட்டை. அதைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்காமல் வருவதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டே கிளம்பியிருந்தாள்.

வருஷம் பிறந்ததும் கோயிலில் தட்டை நீட்டுவார்கள். கண்ணை மூடி ஆளுக்கு ஓர் அட்டை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வேத வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்குத்தத்தம். வசனங்களைத் தேர்ந்து எழுதுகிறவள் தபித்தாள் டீச்சர். புதன்கிழமைகளில் பெண்களுக்கு வேதபாடம் நடத்துகிறவளும் அவள்தான். எப்சிபாயைவிட எத்தனையோ வயது இளையவள். கான்வென்டில் படித்த எப்சிபாய் அந்தச் சின்னவள் முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்து பாடம் கேட்டாள். தாழ்மைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பது அவள் எண்ணம்.

தபித்தாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இதுக்குப் பேரு வாக்குத்தத்தமா?"

தபித்தாள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு மனத்தாங்கல் தீர்ந்து ஒப்புரவாகு என்று இயேசு சொன்ன இடம்.

"வசனம் சரியாத்தானே இருக்கு, அக்கா."

"சரியில்லன்னு யாரு சொன்னா? பக்கத்து வீட்டு ஜாய்ஸுக்கு எல்லையெல்லாம் பெருகுமாம். எங்க வீட்டுக்காரரு, பிரசங்கம் முழுக்கத் தூங்குத மனுசன், அவரு தலையா இருப்பாராம், வாலா இருக்க மாட்டாராம். எனக்கு மட்டும் போ, ஒப்புரவாகு. ஊருக்கெல்லாம் ஆசீர்வாதம், எனக்கு மட்டும் வேலையா?"

"ஆண்டவர்கிட்ட நீங்க என்ன கேட்டீங்க?"

"சமாதானம். வேற என்ன கேப்பேன்? அம்மா போனதுலேருந்து படுத்தா தூக்கம் இல்ல. உபவாசம் இருக்கேன். சங்கீதம் வாசிக்கேன். நீங்க வகுப்புல சொன்னதை ஒண்ணு விடாம செய்தேன். நெஞ்சுக்குள்ள அம்மிக்கல்லு அப்படியே கிடக்கு. நற்கருணை வாங்கினாக்கூட தொண்டையில நிக்கி."

"வயலெட் அக்கா கூடப் பேசுதீங்களா?"

"அந்தப் பேரை எடுக்காதீங்க."

வயலெட் எப்சிபாயின் தங்கை. அடுத்த தெருவில் இருப்பவள். அம்மா தன் கல்யாணச் சேலையோடு அடக்கம் பண்ணச் சொல்லியிருந்தாள். எப்சிபாய் அதைத் தேய்த்து மடித்து எடுத்துக்கொண்டு போவதற்குள் வயலெட் அம்மாவுக்கு ஒரு வெள்ளைச் சேலையை உடுத்திச் சவப்பெட்டியில் வைத்துவிட்டாள். கேட்டதற்கு, கூட இருந்து பார்த்தவள் நான், உனக்கு என்ன தெரியும் என்றாள். எல்லோரும் பார்க்கத்தான் சொன்னாள்.

"அவங்களுக்கு உங்க மேல குறை ஏதும் உண்டா, அக்கா?"

"அவளுக்கு என்ன குறை? குறை எனக்குல்லா. கல்லறைத் தோட்டத்துல வெச்சு நாலு வார்த்தை கேட்டேன். அம்மாவோட சேத்து உன்னையும் புதைச்சாச்சுன்னேன். அவ்வளவுதான்."

தபித்தாளின் கை கறிவேப்பிலையிலேயே நின்றது. பிறகு எழுந்து உள்ளே போய், மீந்த அட்டைகள் இருந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மாத்திக்கோங்க. கண்ணை மூடாண்டாம். பாத்தே எடுங்க."

ஒரு சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு இது சப்பென்று போயிற்று. ஆனாலும் தள்ளுபடிக் கடையில் சேலை பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாய்ப் புரட்டி, ஆண்டவர் தம்முடைய சமாதானத்தையே உங்களுக்கு வைத்துப் போகிறேன் என்று சொன்ன அட்டையை எடுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா. இதைத்தான் கேட்டேன்."

"சந்தோஷம். வயலெட் அக்கா ஆராதனைக்கு வரலையே?"

"கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டுக் கிடக்காளாம். நான் போய் விசாரிக்கல. காதுல விழுந்துது."

"அப்ப அவங்களுக்கும் ஒண்ணு எடுங்க. வராதவங்களுக்கு வீட்டு ஆளுதானே எடுக்கணும்."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்த எப்சிபாய்க்கு வேறொரு யோசனை தோன்றியது. டின்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எடுக்கேன். அவளுக்குன்னு ஏத்ததாப் பாத்து எடுக்கேன்."

பயப்படாதே என்று ஓர் அட்டை. உன்னைக் கைவிடேன் என்று ஓர் அட்டை. நீ என் பார்வைக்கு அருமையானவள் என்று ஓர் அட்டை. எப்சிபாய் அதை எடுத்த வேகத்தில் திரும்பப் போட்டாள்.

"என்ன டின்னு இது? ஒரு கண்டிப்பு உண்டா, ஒரு எச்சரிப்பு உண்டா? அவ செய்ததுக்கு அருமையானவள்னு வேற கொண்டு நீட்டணுமா?"

தரையில், கறிவேப்பிலைக் காம்புகளுக்குப் பக்கத்தில், எப்சிபாய் திருப்பிக் கொடுத்த அட்டை கிடந்தது. எப்சிபாய் குனிந்து அதை எடுத்தாள். முகம் தெளிந்தது.

"இதுதான் அவளுக்கு. அளவெடுத்துத் தச்ச மாதிரி. கூடப் பிறந்தவளுக்குக் குறை இருக்குன்னு தெரியும்லா, எழும்பி வரட்டும். இதைக் கொண்டு அவ கையில கொடுத்துருங்க."

"எடுத்தவங்கதான் கொண்டு கொடுக்கணும், அக்கா. அதுவும் நம்ம வழக்கந்தானே."

"அவ வீட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன். அவ வரட்டும். வேதத்துலயே முதல்ல போன்னுதான் எழுதியிருக்கு."

"ஆமா," என்றாள் தபித்தாள். "கால் கட்டோடயா?"

எப்சிபாய் வசனத்தை மறுபடி வாசித்தாள், வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல. குடையை எடுத்து மடியில் வைத்தாள், பின் தரையில் வைத்தாள்.

"போய் என்னத்தைச் சொல்ல?" என்று கடைசியில் எரிந்து விழுந்தாள். "வா அக்கான்னு கூப்பிடவா போறா? மூஞ்சியத் திருப்பிக்கிடுவா. அவளுக்குக் கண்ணாடி இல்லாம ஒரு எழுத்து தெரியாது, அட்டையை நீட்டினாலும் என்ன புரியும்?"

தபித்தாள் அடுத்த கொத்துக் கறிவேப்பிலையைக் கையில் எடுத்தாள்.

"அப்ப நீங்களே வாசிச்சுக் காட்டுங்க, அக்கா. பக்கத்துல உட்காந்து, சத்தமா."