சிவப்பு மை வாத்தியார்

செவ்வந்திராயர் என்று ஒரு ராஜா. இங்கிலீஷ் என்றாலே அவருக்கு நடுக்கம். அந்த நடுக்கத்தைத் தின்றே கொழுத்தவர் அரண்மனை இங்கிலீஷ் வாத்தியார் பஞ்சாபகேசன்.

"இங்கிலீஷ்லே ஏதோ ஒண்ணுன்னா முன்னாலே 'எ'. இன்னதுன்னு தெரிஞ்ச ஒண்ணுன்னா 'தி'. இந்த சூட்சுமம் இந்த ஊர் மண்டையிலே ஏறாது!" என்று மூக்கால் பேசுவார்.

ஏரி மதகு உடைந்ததைப் பற்றி எழுத்தர் அரசமுத்து கலெக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். வாத்தியார் திருத்தித் தந்தபோது அது மிளகாய்ப்பழம் காயப்போட்ட களம் மாதிரி இருந்தது. 'எ' எல்லாம் 'தி'. 'தி' எல்லாம் 'எ'.

"இவருக்குப் பதில் என் மச்சினனைப் போடுங்கள், மகாராஜா!" என்றார் வாத்தியார்.

"இன்னும் மூணு நாள் பார்ப்போம். கடைசி நாளும் சிவப்பு மை விழுந்தால் அரசமுத்துவுக்கு வேலை இல்லை" என்றார் ராஜா.

அரசமுத்து அழாத குறையாக மயிலேறியிடம் ஓடினார். எவன் குரலானாலும் பேசிக் காட்டும் அரண்மனைக் கேலிக்காரன் அவன்.

"அண்ணே, அவர் திருத்தினதை அப்படியே நகல் எடுத்து நாளைக்கு நீட்டுங்க. ஒரு புள்ளிகூட மாத்தாதீங்க. எல்லாத் தாளும் என்கிட்டே வரட்டும்."

அப்படியே நீட்டினார். மறுநாளும் சிவப்பு. அதை நகல் எடுத்தார். மூன்றாம் நாளும் சிவப்பு. அதையும் நகல் எடுத்தார். நாலாம் நாள் வாத்தியார் திருத்தின தாளைச் சபையிலேயே வீசினார்.

"மகா மட்டம்! பதினாலு பிழை!"

மயிலேறி முதல் நாள் தாளோடு எழுந்தான்.

"மகாராஜா, வாத்தியார் இன்னிக்குத் திருத்தினதையும் எழுத்தர் முதல் நாள் எழுதினதையும் சேர்த்துப் பாருங்க."

ராஜா விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார். ஓர் எழுத்துகூட வேறில்லை.

"நடுவிலே வந்ததெல்லாம்?"

"அத்தனையும் இவர் திருத்தினதோட நகல். தன் திருத்தத்தையே தினமும் திருத்தியிருக்கார்!" மயிலேறி மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினான்: "எழுத்தர் ஒரே நாளில் எழுதினதை எழுத எனக்கு நாலு நாள் ஆச்சு. சூட்சுமம், மகாராஜா, சூட்சுமம்!"

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. வாத்தியார் முகம் அவர் மையைவிடச் சிவந்தது.

ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி மயிலேறிக்கு வீசினார். "அரசமுத்து, முதல் கடிதமே போகட்டும். இந்த ஆளுக்கு வாசலைக் காட்டுங்கள்!"

"காட்டலாம், மகாராஜா" என்றான் மயிலேறி. "ஏதோ ஒரு வாசலா, தெரிஞ்ச வாசலான்னு யோசிச்சு இங்கேயே நாலு நாள் நிப்பாரே! தூக்கிட்டுப் போய் விடச் சொல்லுங்க."