தாமரை இலைக் காலணி

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், கோரைப்புல் அடர்ந்து வளர்ந்திருந்தது. அந்தக் கோரைக்குள் ஒரு காட்டுப்பூனை தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. அதற்கு உலகத்தில் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்: கால் நனைவது. பனி விழுந்த புல்லில் நடக்க நேர்ந்தால்கூட, ஒவ்வொரு காலையும் தூக்கி உதறிவிட்டுத்தான் அடுத்த காலை வைக்கும். இதனால் அது வேட்டைக்குப் போய்வர வெகு நேரம் பிடித்தது.

அப்படிப்பட்ட பூனை ஏன் ஆற்றங்கரையில் குடியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு மழை முன்னதாகவே தொடங்கிவிட்டது. ஆறு கலங்கி ஓடியது. கோரையின் இன்னொரு மூலையில் வசித்த காட்டுப்பன்றி ஒருநாள் பூனையைத் தேடி வந்தது.

"பூனையக்கா, இந்த முறை வெள்ளம் கோரைக்குள் வரும் போலிருக்கிறது. வந்தால் குட்டிகளோடு மலைக்குகைக்குத்தான் ஓட வேண்டும். எனக்கு மேட்டில் ஓடிப் பழக்கமில்லை. நாளையிலிருந்து பழகப் போகிறேன். நீயும் வருகிறாயா?"

"நானும் மேட்டில் ஓடியதில்லை. வருகிறேன்," என்றது பூனை. "ஆனால் பாதை ஈரமாக இருக்குமே?"

"மழைக்காலம்தானே. இருக்கும்."

"அப்படியானால் முதலில் காலணி வாங்க வேண்டும்."

இரண்டும் நரியிடம் போயின. நரி அரசமரத்தடியில் காலணிக் கடை வைத்திருந்தது. அது பொய்யே சொல்லாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும், கேட்காததைச் சொல்லாது.

"நரியாரே, கால் நனையாத காலணி இருக்கிறதா?" என்று கேட்டது பூனை.

நரி நான்கு காலணிகளை எடுத்து வைத்தது. தாமரை இலைகளை அடுக்கித் தைத்து, தேன்மெழுகு பூசியவை. முழங்கால்வரை வரும். அடிப்பக்கம்கூடப் பளபளவென்று மின்னியது. நரி அவற்றின்மேல் தண்ணீரை ஊற்றிக் காட்டியது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிட்டது.

"இலை வழியாக ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்காது," என்றது நரி.

பக்கத்தில் கற்றாழை நாரில் முரடாகப் பின்னிய செருப்புகள் கிடந்தன. பின்னலுக்கு நடுவே இடுக்கு இடுக்காக ஓட்டைகள்.

"இதற்குள் தண்ணீர் போகுமே?" என்றது பூனை.

"போகும். போன வேகத்தில் வெளியேயும் வந்துவிடும்."

"பிறகு எதற்கு அதைப் போட்டுக்கொள்வது?" என்று பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பன்றி நார்ச் செருப்பை வாங்கியது. சேற்றில் புரளும் பிராணிக்குக் கால் நனைவது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

மறுநாள் காலை இரண்டும் மலையடிவாரத்துக்கு வந்தன. பூனை அம்புபோல் பாய்ந்தது. முதல் வளைவு வருவதற்குள் அதற்கு மூச்சு முட்டியது. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பாறைமேல் படுத்துவிட்டது. பன்றி சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்து வந்தது. செங்குத்தான இடம் வந்ததும் ஓட்டத்தை விட்டுவிட்டு நடந்தது.

"ஓடிப் பழகத்தானே வந்தோம்? நீ நடக்கிறாயே?" என்றது பூனை.

"இங்கே ஓடினால் மூச்சு வாங்குகிறது. நடந்தால் வாங்கவில்லை," என்று சொல்லிவிட்டுப் பன்றி மேலே போய்விட்டது.

பூனைக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து அதுவும் அடியைக் குறைத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் நடுவில் எங்கும் படுக்காமல் குகைவரை போக அதனால் முடிந்தது. ஆனால் தூறல் விழுந்த நாட்களில் மட்டும் அது வரவில்லை. காலணி புதிது, சேறு பட்டுவிடும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் ஆறு கரையைத் தாண்டியது.

பன்றி தன் குட்டிகளை முன்னால் விரட்டிக்கொண்டு மலையேறியது. பூனை இரண்டு குட்டிகளை ஒரு பட்டுப்போன மரக்கட்டையின்மேல் ஏற்றிவைத்தது. நான்கு காலணிகளையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டது. மூன்றாவது குட்டியை வாயில் கவ்விக்கொண்டு புறப்பட்டது.

மலைப்பாதையில் மழைத்தண்ணீர் ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தது. பூனை முதல் பாறையில் கால் வைத்தது, வழுக்கியது. மறுபடி வைத்தது, மறுபடியும் வழுக்கியது. அதற்குள் தண்ணீர் முழங்காலுக்குமேல் ஏறி, மேல்விளிம்பு வழியாகக் காலணிக்குள் நிறைந்துவிட்டது. இலை தண்ணீரை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. காலுக்கு ஒரு குடம் கட்டியதுபோல் ஆயிற்று. பூனை குட்டியோடு உருண்டு அடிவாரத்தில் வந்து விழுந்தது.

திரும்பிப் பார்த்தது. மரக்கட்டையின் பாதி தண்ணீருக்குள் இருந்தது. இரண்டு குட்டிகளும் கத்திக்கொண்டிருந்தன.

தன் குட்டிகளைக் குகையில் விட்டுவிட்டுப் பன்றி திரும்பி வந்துகொண்டிருந்தது.

"பூனையக்கா, அந்தக் காலணியைக் கழற்று!"

பூனை குட்டியைக் கீழே வைத்தது. "கழற்றினால் கால் நனையுமே!"

"இப்போது எப்படி இருக்கிறது?"

பூனை யோசித்துப் பார்த்தது. நான்கு காலும் தண்ணீருக்குள் இருந்தன. காலணிகளைப் பல்லால் கடித்துக் கிழித்து எறிந்தது.

"என் செருப்பைப் போட்டுக்கொள். எனக்குக் குளம்பு இருக்கிறது, சமாளித்துக்கொள்வேன்," என்றது பன்றி.

பன்றியின் செருப்பு பூனைக்குப் பெரிது. கொடியால் இறுக்கிக் கட்டிக்கொண்டது. நாரின் இடுக்குகள் வழியே அதன் நகங்கள் வெளியே நீண்டு பாறையைப் பற்றின. தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போயிற்று. பூனை சின்ன அடியாக எடுத்துவைத்து ஓடியது. செங்குத்தில் நடந்தது. முதல் குட்டியைக் குகையில் விட்டது. இறங்கி வந்து இரண்டாவதைக் கொண்டுபோனது. கடைசிக் குட்டிக்காக வந்தபோது மரக்கட்டை மிதக்கத் தொடங்கியிருந்தது. கழுத்தளவு தண்ணீரில் பாய்ந்து, குட்டியைக் கவ்விக்கொண்டு கரையேறியது. அன்று அது ஒரு தடவைகூடக் காலை உதறவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் நரியும் குகைக்கு வந்து சேர்ந்தது. அதன் கால்களில் நார்ச் செருப்பு இருந்தது.

குட்டிகளை நக்கிக்கொண்டிருந்த பூனை நிமிர்ந்து பார்த்தது. "நீ ஏன் தாமரை இலைக் காலணி போடவில்லை?"

"அது வழுக்கும்," என்றது நரி.

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நனையுமா என்றுதானே கேட்டாய்? வழுக்குமா என்று நீ கேட்கவில்லையே."

நீதி: மழையில் மலையேறப் போகிறவர், கால் நனையுமா என்று கேட்பதற்கு முன்னால் கால் வழுக்குமா என்று கேட்க வேண்டும்.