முள் குழியில் ஒரு சேனை

காட்டோரக் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்த எருமையின் காலில் கருவேல முள் குத்தி ஒடிந்தது. அந்தப் புண் வழியாகச் சில கிருமிகள் உள்ளே போயின. அவற்றில் துடுக்கன், சாந்தன் என்று இருவர். அன்று காலைவரை ஒரே உடலாக இருந்து இரண்டாகப் பிரிந்தவர்கள். அதனால் யார் அண்ணன், யார் தம்பி என்ற தகராறு மட்டும் தீரவில்லை.

கிருமிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொன்றும் கொஞ்சம் வாசனையை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வாசனை மெலிதாக இருந்தால் ஆள் குறைவு. அப்போது நஞ்சு காய்ச்சும் மரபணு பூட்டியே கிடக்கும். வாசனை அடர்ந்தால் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று பொருள். பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். அதற்கு முன்பே வாலாட்டினால், ரோந்து சுற்றும் வெள்ளையணுக்கள் மொத்தமாக விழுங்கிவிடும்.

சாந்தனும் மற்றவர்களும் சதை இடுக்கில் சத்தமில்லாமல் பெருகினார்கள். துடுக்கனுக்குப் பொறுக்கவில்லை. "பயந்தாங்கொள்ளிகளோடு யார் இருப்பது?" என்று சொல்லிவிட்டு, ஒடிந்த முள்ளின் அடியில் இருந்த குழிக்குள் போய் உட்கார்ந்தான். ஒருவன் மட்டுமே நுழையக்கூடிய குழி. விட்ட வாசனை வெளியேற வழியில்லை.

கொஞ்ச நேரத்தில் குழி கமகமத்தது.

"டேய் சாந்தா, சேனையே திரண்டுவிட்டது! கிளம்பு, எருமையைச் சாய்ப்போம்."

"எந்தச் சேனை? இங்கே நாங்கள் ஒரு கைப்பிடிகூட இல்லை. வெளியே வந்து முகர்ந்து பார்."

"என் மூக்கு பொய் சொல்லுமா?"

"சொல்லாது. அது உன் வாசனையைத்தான் சொல்கிறது. ஒரே உடலில் இருந்தவன் கேட்கிறேன், வெளியே வா. உன் பூட்டு திறந்தால் எங்கள் எல்லாருக்கும் சாவு."

"அண்ணன் பேச்சைத் தம்பி கேட்கட்டும்" என்றான் துடுக்கன். பூட்டு திறந்தது. ஒரு துளி நஞ்சு கசிந்தது.

எருமைக்குக் கால் லேசாக அரித்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த இடம் சிவந்து சூடேறியதும் வெள்ளையணுக்கள் ஓடி வந்தன. ஒன்று குழி வாசலில் நின்று, "உன் படை எங்கே?" என்று கேட்டது.

துடுக்கன் திரும்பிப் பார்த்தான். பின்னால் முள்ளின் நுனி மட்டும் இருந்தது.

அவனை விழுங்கிய கையோடு அவை இடுக்குகளையும் துழாவின. கடைசிவரை பூட்டைத் திறக்காத சாந்தனும் தப்பவில்லை. கிருமியாகவே இருந்தாலும் அவனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. எருமை மரத்தில் காலைத் தேய்த்துவிட்டு மேயப் போய்விட்டது.

தன் வாசனையையே ஊர் வாசனை என்று நம்பிச் சண்டைக்குக் கிளம்புகிறவன், தன்னோடு தன் கூட்டத்தையும் சேர்த்து அழிப்பான்.