எறும்புக்குச் சொன்னது யாரு?

ஒரே ஒரு ஊர்ல உப்பு விக்கிற ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ மக பேரு சீனியம்மா. சிரிக்காதீங்கடா, உப்புக்காரி மக சீனியம்மாவா இருக்கப்படாதா? ஏழு வயசுதான், ஆனா ஒரு தடவை கேட்டதை மறக்காது, அது ஒரு கேள்வி கேட்டா ஊரே முழிக்கும். மழைக்கு முன்னாடி எறும்பு முட்டையத் தூக்கிட்டுச் செவத்துல ஏறும்ல, அதைப் பாத்துட்டு, "மழை வருதுன்னு எறும்புக்கு யாரும்மா சொன்னா?"ன்னு கேட்டுச்சாம். ஒச்சாயிக்குத் தெரியல. சரி, பள்ளிக்கூடத்துல சேப்போம்னு கூட்டிட்டுப் போனா.

மொதப் பள்ளிக்கூடத்துல அதையே கேட்டுச்சு. வாத்தியாரு, "முந்திரிக்கொட்டை! சொன்னதைத் திருப்பிச் சொல்லு, போதும்"னு பிரம்பால கையில ஒண்ணு வச்சாரு. ஒச்சாயி புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டா.

அப்புறம் அரண்மனைப் பள்ளிக்கூடம். பட்டுத்துண்டு போட்ட வாத்தியாரு, "நம்ம ராசா உத்தரவு போடுறாரு, மழை பெய்யுது, எறும்பும் ஏறுது"ன்னாரு. "ராசா தூங்குறப்பவும் பெய்யுதே?"ன்னுச்சு சீனியம்மா. "அடங்காப்பிடாரி!"ன்னு வெளிய தள்ளிட்டாரு. அன்னையிலருந்து புள்ள வாயே தொறக்கல. ஒச்சாயி, "எம்மக வாயை மூடத்தான் பள்ளிக்கூடமா?"ன்னு உப்புக்கூடையத் தலையில வச்சு, புள்ளையக் கையில புடிச்சு நடந்தா, நடந்தா, நடந்துக்கிட்டே இருந்தா.

அப்புறம் ஒரு ஓலைக் கொட்டாயி. அங்க மாடக்கண்ணு வாத்தியாரு பாடம் சொல்லிட்டிருந்தாரு. புள்ள வாய் தொறக்காததால எறும்புக் கேள்விய ஒச்சாயியே கேட்டா. அவரு தலையச் சொறிஞ்சாரு. "தெரியலையே தாயி! வா பாப்பா, குனிஞ்சு பாப்போம்"னு மண்ணுல மண்டி போட்டுட்டாரு. புள்ள சிரிச்சுச்சு. ஒச்சாயி கூடைய எறக்கி வச்சா.

அப்புறம் ஒருநா வெயிலு சுள்ளுனு அடிக்குது, அரண்மனைக் களத்துல நெல்லு காயுது. அம்மாவோட உப்பு விக்க அங்க வந்த சீனியம்மா எறும்பு ஏறுறதைப் பாத்துட்டு ராசாகிட்ட ஓடிப்போயி, "ராசா, நெல்லை அள்ளச் சொல்லுங்க"ன்னுச்சு. பட்டுத்துண்டுக்காரரு, "உங்க உத்தரவில்லாம மழையா ராசா?"ன்னு சிரிச்சாரு. ராசாவும் அதை நம்பி இருந்துட்டாரு. கொட்டுச்சு பாருங்க மழை, நெல்லு பூரா வெள்ளத்தோட போச்சு.

மீசை துடிக்க ராசா பட்டுத்துண்டுக்காரரைப் பாத்து, "ஓய், களத்துல போயி நில்லும்! மழை நிக்கணும்னு என் உத்தரவைப் படியும், அது நிக்கிற வரைக்கும் படியும்!"னாரு. மழை மூணு நாளு நிக்கலையே!

அப்புறம் ராசா ஒச்சாயியக் கூப்பிட்டு, "உம்மகளை அரண்மனைப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிறேன்"னாரு. ஒச்சாயி கும்பிடக்கூட இல்ல. "எம்மகளுக்குப் பள்ளிக்கூடம் கெடைச்சாச்சு ராசா. வேணும்னா உங்க புள்ளைய அங்க அனுப்புங்க, பாயில எடம் இருக்கு"ன்னுட்டு உப்புக்கூடையத் தூக்கிட்டுப் போயிட்டா.

என்னடா, எறும்புக்குச் சொன்னது யாருன்னா கேக்குறீங்க? எனக்கும் தெரியல. விடிஞ்சதும் குனிஞ்சு பாருங்க, இப்பப் போர்வைக்குள்ள போங்க.