ஆறு பாடிய பாதி

ஒரு காட்டில் மேகங்களுக்கு மலையேறச் சோம்பல். ஆற்றின் மேலேயே படுத்துத் தூங்கிவிடும். அப்போது கரையும் தெரியாது, நீரும் தெரியாது. எல்லாம் ஒரே வெள்ளை.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பாட்டு மட்டும் வரும். விலங்குகள் ஆற்றைக் கடக்கும் துறையில், ஆழமில்லாத தண்ணீரில், கற்கள்மேல் உட்கார்ந்து தவளைகள் பாடும் பாட்டு. வேறெந்த ஊர்த் தவளைக்கும் அந்த மெட்டு வராது.

காட்டின் அரசி ஒரு யானை. அவளுக்கு அந்தப் பாட்டென்றால் உயிர்.

"இது அழிந்துவிடக் கூடாது. பாடுகிறவர்களுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும்" என்றாள் ஒருநாள்.

அமைச்சர் மயில் தோகையை உதறிக்கொண்டது. "செய்துவிடலாம், அரசியாரே. அரசவைக்குப் பக்கத்திலேயே ஒரு தாமரைக் குளம் வெட்டுவோம். நிழல் உண்டு, பாம்பு கிடையாது. பூச்சி தேடி அலைய வேண்டாம், வாய்க்கே வரும்."

குளம் வெட்டியானது. மயில் துறைக்குப் போய், ஒவ்வொரு தவளையையும் பாடச் சொல்லிக் கேட்டது. கடைசியாக ஒன்று கரகரவென்று பாடியது.

"என்னப்பா, குரலா இது?"

"ஆற்றோடு சேர்த்துக் கேளுங்கள், மயிலாரே. எங்கள் பாட்டில் பாதியை ஆறுதான் பாடுகிறது."

"ஆற்றைச் சுருட்டி எடுத்துவர முடியுமா? நீ இங்கேயே கிட."

"அங்கே பாம்பு இல்லையாமே?"

"இல்லை."

"இங்கே இருக்கிறது. பரவாயில்லை, பழகின பாம்புதான்" என்று கரகரத் தவளை தன் கல்லில் உட்கார்ந்துகொண்டது.

மற்றவை ஆமைகளின் முதுகிலேறி ஊர்வலமாகப் போயின. குளத்தில் பாடின. அரசவை முழுக்கத் தலையாட்டியது. அரசிக்கு மட்டும் ஏதோ குறைவதுபோல் இருந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

மழைக்காலம் வந்தது. அரசி தன் குட்டியோடு அக்கரை மூங்கில் காட்டுக்குப் போயிருந்தாள். திரும்பும்போது மேகம் ஆற்றின்மேல் படுத்துவிட்டது. அதற்கடியில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது.

அரசி காதை விரித்தாள். பாட்டு இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை காலமும் துறையைக் கண்ணால் பார்த்து அவள் இறங்கியதே இல்லை. பாட்டு வரும் பக்கம் கால் போகும், அவ்வளவுதான்.

"அம்மா, இந்தப் பக்கமா?" என்று குட்டி ஓரடி வைத்தது. அடியில் தரையில்லை.

அரசி பாய்ந்து துதிக்கையால் வளைத்தாள். வெள்ளம் இரண்டு பேரையும் இழுத்தது. எங்கும் வெள்ளை. எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் கரை?

"யாராவது பாடுங்களேன்" என்று கெஞ்சினாள் அரசி.

வெள்ளைக்குள்ளிருந்து, துணையில்லாமல் பாட்டை நிறுத்தியிருந்த அந்தக் கரகரக் குரல் எழுந்தது. அதோடு, கற்களில் புரளும் தண்ணீரின் சலசலப்பு. இரண்டும் சேர்ந்ததும் அது முழுப் பாட்டாக இருந்தது. அரசி அதை நோக்கி நீந்தினாள். காலில் கல் தட்டியது.

மேகம் கலைந்ததும் அரசி மயிலை அழைத்தாள். "தவளைகளைத் துறைக்கே கொண்டுபோய் விடு. அங்கே ஒரு கல்லைக்கூட யாரும் புரட்டக் கூடாது. எருமைகள் வேறு பக்கம் புரளட்டும்."

"அப்படியானால் குளம், அரசியாரே?"

"அதில் நீ குளி."

அடுத்தமுறை மேகம் வந்து படுத்தபோது, குட்டி கண்ணை மூடிக்கொண்டே ஆற்றைக் கடந்தது.

நீதி: பாட்டைக் காக்க நினைப்பவர், அது பிறக்கும் இடத்தைக் காக்க வேண்டும்.