இறுக்கமான மூடி

பிரின்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவின் புதுவீட்டுத் தரைக்குக் கொட்டிய மண்ணில் கதிர்வீச்சு இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கைக்குழந்தையோடு குடிபோகலாமா, கூடாதா என்று அக்கா தினமும் போனில் அரித்தாள். பிரின்சி கதிரியக்கத்தில்தான் ஆய்வு செய்கிறாள். மண்ணை ஆய்வகத்துக்கே அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

காமாக் கதிர்களை எண்ணும் கருவியின் திரையில் ஒரு முகடு எழுந்தது. யுரேனியமும் ரேடியமும் ஒரே இடத்தில் தோளில் கைபோட்டு நிற்கிற முகடு அது. அதில் யார் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"பாதிப் பாதின்னு வச்சுக்கிடலாமா சார்?"

"உங்க அக்கா பிள்ளையை எந்தப் பாதியில படுக்க வைப்பா?" என்றார் அவளுடைய வழிகாட்டி மீரான் சார்.

மண்ணை டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஒரு மாதம் வைக்கச் சொன்னார். ரேடியம் ரேடான் என்ற வாயுவைப் பெற்றெடுக்கும். வாயு தப்பாமல் உள்ளேயே கிடந்தால் அதுவும் பிள்ளைகளைப் பெறும். அந்தப் பிள்ளைகளுக்குச் சில மணி நேரமே ஆயுள்; ஆனால் திரையில் தனி இடம் உண்டு. அவற்றை எண்ணினால் ரேடியத்தின் அளவு தெரிந்துவிடும்.

ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்குமா? எப்படியோ மாதத்தை ஓட்டினாள். டப்பாவைக் கருவியில் வைத்தாள். பிள்ளைகள் மிகக் கொஞ்சமாகத்தான் தெரிந்தன.

"சார், நல்ல மண்ணு சார்!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவை அழைக்க போனை எடுத்தாள்.

மீரான் சார் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டேப் புதுசா இருக்கே?"

"வாயு கசிஞ்சிருக்குமோன்னு ஒரே பயம் சார். மூடி சரியா இருக்கான்னு திறந்து பாத்தேன்."

"எப்போ?"

"நேத்து."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இறுக்கமாத்தான் சார் இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயு நேற்றே பறந்துவிட்டது. வாயு இல்லாத இடத்தில் பிள்ளைகள் ஏது? மண் நல்லதா கெட்டதா என்று இப்போதும் யாருக்கும் தெரியாது.

கையிலிருந்த போன் அடித்தது. அக்காதான்.

"நான் என்ன சார் சொல்ல?"

"நீ கண்டுபிடிச்சதைச் சொல்லு. மூடி இறுக்கமா இருந்துச்சு."