பிந்திய கௌ வம்சம் எழுந்த வரலாறு

மூவடி மண் கேட்டு மூவுலகும் அளந்துகொண்ட நெடுமாலின் திருவடிகளை முதற்கண் தலைமேல் சூடிக்கொள்வோம். கேட்டவுடனே 'தந்தேன்' என்ற மாபலி அரசை இழந்தான். இழந்ததும் அவனுக்கு அருளே ஆயிற்று. 'மாட்டேன்' என்று ஒரு முறையேனும் சொல்லத் தெரியாத அந்த வள்ளலை வணங்கி, 'மாட்டேன்' என்பதைச் சொல்லத் தெரிந்தால்தான் அரசு என்றிருந்த ஒரு தேசத்துக் கதையைச் சொல்லப் புகுகிறோம். சொல்லும் நாவுக்கும் கேட்கும் செவிக்கும் அந்த நெடுமாலே காப்பு.

சீன தேசத்தின் வடபால் ஒரு பேரரசு முறிந்து விழுந்த காலம் அது. விதைக்கும்போது ஓர் அரசர் இருப்பார். களையெடுக்கும்போது வேறொருவர் இருப்பார். அறுவடைக்கு யார் வருவாரென்று அறுக்கிறவனுக்கே தெரியாது. குழந்தைக்குப் பெயர் வைப்பதைக் காட்டிலும் விரைவாக வம்சங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் நதியின் கரையிலே ஒரு சிறு கோட்டை. அதன் தளபதிக்குக் கௌ என்று பெயர். மலைபோல் உடம்பு; வெண்ணெய்போல் மனம். அவருக்கு ஒரே ஒரு கவலை. அந்தக் கவலை அவருடைய தலைக்கும் தோளுக்கும் நடுவே இருந்தது. அக்கரையில் தூ காங் என்னும் பெருஞ்சேனாபதி படையோடு வந்து இறங்கி, "இந்த நதிக்கரையில் என்னை வணங்காத தளபதி எவனாயினும் அவன் கழுத்து என் வாளுக்கு" என்று சொல்லியனுப்பியிருந்தான். கௌ உடனே வணங்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் தூ காங், தன்னை வணங்கிய தளபதிகளையும் வெட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு.

கோட்டையில் யென் என்றொரு கிழப் பண்டிதர் இருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசிப் படகில் ஏறப்போனவரின் காலைக் கட்டிக்கொண்டார் கௌ.

"பண்டிதரே, என் கழுத்துக்கு ஒரு வழி சொல்லிவிட்டுப் போங்கள்."

"ஒரு வழிதான் உண்டு. அவன் வருவதற்குள் நீ அரசனாகிவிடு. வானத்தின் ஆணை பெற்ற அரசனை வெட்டினால் வெட்டியவனின் படைக்குச் சோறு கிடைக்காது என்று வீரர்கள் நம்புகிறார்கள். அரசன் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தவன் எடுக்கலாம்."

"அரசனாவது எப்படி?"

"ஆசைப்பட்டவனாகத் தெரியக் கூடாது. நீ உறங்கும்போது உன் ஆட்கள் மஞ்சள் அங்கியைப் போர்த்தி, அரசேற்கும்படி வேண்டுவார்கள். நீ மூன்று முறை மறுக்க வேண்டும். மூன்று முறை மறுத்தவனே தகுதியுள்ளவன். பிறகு தெற்கு நோக்கி நில்; மற்றவர்கள் வடக்கு நோக்கி வணங்கட்டும். அவ்வளவுதான்." பண்டிதர் ஏறினார், படகு போயிற்று.

கௌவுக்கு மூன்று உபதளபதிகள். மெங்குக்கு நீண்ட தாடி இருந்தது. ஆகையால் அவன் அறிவாளி எனப்பட்டான். சூவுக்கு எண்ணத் தெரியும். பான் சொன்ன சொல் தவறாதவன். சொன்னதற்கு மேல் ஒரு நெல்முனையளவும் யோசிக்காதவன். பண்டிதர் சொன்னதைக் கௌ எடுத்துச் சொல்ல, பகற்பொழுதிலே மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"முதலில் வம்சத்துக்குப் பெயர் வேண்டும். இந்நாளில் எழும்பும் வம்சமெல்லாம் 'பிந்திய' என்று தொடங்குகிறது. நாமும் 'பிந்திய கௌ வம்சம்' என்போம்" என்றான் மெங்.

"அப்படியானால் முந்திய கௌ வம்சம் எது அண்ணே?" என்றான் சூ.

மெங் தாடியை உருவினான். "அதைப் பிறகு நிறுவிக்கொள்ளலாம். அவசரமானதை முதலில் பார்."

அடுத்து மஞ்சள் அங்கி. கோட்டை முழுவதும் தேடியும் மஞ்சள் துணி அகப்படவில்லை. கோட்டை வாசலில் இருந்த கஞ்சிக்கடையின் கொடி ஒன்றுதான் மஞ்சளாக இருந்தது. 'சூடான கஞ்சி கிடைக்கும்' என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கடைக்கார அம்மாள் ஷியாங் அகப்பையும் கையுமாக வெளியே வந்தாள்.

"கொடியைக் கழற்றிக்கொண்டு போனால் கடைக்கு எவன் வருவான்?"

"தாயே, ராஜாவுக்கு" என்றான் பான்.

"ராஜாவாவது கூஜாவாவது! சரி, கொண்டு போ. ஆனால் 'வேண்டாம்' என்று எவன் வாயிலிருந்து வந்தாலும் அந்தக் கணமே கொடி இங்கே வந்து தொங்க வேண்டும். சத்தியம் செய்."

பான் சத்தியம் செய்தான். செய்தது பான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கௌ கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கழுத்தை நினைத்தவருக்கு உறக்கம் எங்கே வரும்? கதவருகே மூவரும் காத்திருந்தார்கள்.

"தளபதி ஐயா, உறங்கிவிட்டீர்களா?" என்றான் பான்.

"உறங்கிவிட்டேன்."

"உறங்குகிறவர் பேசுவாரோ?" என்று சூ சந்தேகித்தான்.

"கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? மரியாதை என்று ஒன்று இல்லையா?" என்றார் கௌ, கண்ணைத் திறவாமலே.

மெங் நெகிழ்ந்துபோனான். "உறக்கத்திலும் மரியாதை தவறாதவர். இவரல்லவோ ராஜா!"

அங்கியைப் போர்த்தினார்கள், மண்டியிட்டார்கள். "ஐயனே, குடிகளைக் காக்க அரசேற்றருள வேண்டும்" என்று மெங் விண்ணப்பித்தான்.

"சரி" என்றார் கௌ.

மெங் பதறி நிமிர்ந்தான்.

"என்ன ஐயா இது? மறுக்க வேண்டுமே!"

"மறுத்தேன் என்று வை, நீங்கள் பாட்டுக்கு அங்கியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டால் என் கழுத்து என்ன ஆவது?"

"போவோமா நாங்கள்? நம்பி மறுங்கள்."

கௌ கழுத்தைத் தடவிக்கொண்டார். "வேண்டாம்" என்றார், மிக மெல்லிய குரலில்.

பான் எழுந்து வந்து, அங்கியை உருவி நான்காக மடிக்கத் தொடங்கினான்.

"அடேய், என்ன செய்கிறாய்!" என்று ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார் கௌ.

"வேண்டாமென்றீர்களே ஐயா. அம்மாளுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்."

"வேண்டும்! வேண்டும்! போர்த்தித் தொலை!"

சூ பெருமூச்சு விட்டான். "ஒரு மறுப்பு, இரண்டு சம்மதம். கணக்கு முன்னைக் காட்டிலும் மோசம்."

பானின் கைகளைத் தூணோடு கட்டிவிட்டு மறுபடி தொடங்கினார்கள். இம்முறை கௌ கண்ணீரே விட்டார். அது நடிப்பன்று. முதல் மறுப்பு நன்றாக வந்தது. இரண்டாவது இன்னும் நன்றாக வந்தது. மூன்றாவதற்கு அவர் வாயைத் திறந்த வேளையில் காவற்கோபுரத்தில் முரசு அதிர்ந்தது. தூ காங்கின் படகுகள் நடு ஆற்றில்!

"சரி! சரி! சரி!" என்று கட்டிலிலிருந்து குதித்தார் கௌ.

"மும்முறை சம்மதித்தவரை எந்தச் சாத்திரமும் ஏற்காது" என்று மெங் தலையில் கைவைத்தான்.

"சாத்திரம் கிடக்கட்டும். கோட்டையின் தென்வாசல் மேடைக்கு என்னைக் கொண்டுபோங்கள். தெற்கு நோக்கியாவது நிற்கிறேன். பாதி அரசனென்றால் பாதிக் கழுத்தாவது மிஞ்சும்."

பானின் கட்டை அவிழ்த்துவிட்டு, தளபதியை ஏற்றிச் செல்லக் கோட்டையின் கோவேறு கழுதையைப் பிடித்து வந்தார்கள். மெங் கயிற்றை இழுத்தான். அது தலையை இடப்பக்கம் திருப்பிக்கொண்டது. சூ பின்னாலிருந்து தள்ளினான். அது தலையை வலப்பக்கம் திருப்பிக்கொண்டது. கௌ தாமே அதன் முன் கைகூப்பி, "அம்மா, தாயே, போகலாமே" என்று கெஞ்சினார். அது நான்கு காலையும் ஊன்றி, வானத்தை நோக்கி ஒரு குரல் கொடுத்து, அசையாமல் நின்றது.

சூ விரலை மடக்கினான். "மூன்று" என்றான்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கழுதை புல் இருந்த திசையைப் பார்த்து நின்றது. புல் தெற்கே இருந்தது.

"ஆசையின் சாயல்கூட இல்லை" என்றான் மெங், குரல் தழுதழுக்க.

கௌவும் உள்ளூர ஒப்புக்கொண்டார். தாம் பாடுபட்டும் வராத மறுப்பு அதற்கு எவ்வளவு இயல்பாக வந்துவிட்டது! அவர் தாமே அங்கியைக் கழற்றி அதன் முதுகில் போர்த்தினார். நால்வரும் வடக்கு நோக்கி விழுந்து வணங்கினார்கள்.

"அண்ணே, கோவேறு கழுதைக்குக் குட்டி பிறக்காதே. வாரிசு?" என்று கிடந்தபடியே கேட்டான் சூ.

"அதனால்தான் வாரிசுச் சண்டையும் வராது. எல்லாம் வானத்தின் ஏற்பாடு" என்றான் மெங்.

கோட்டைக் கதவை யாரும் சாத்தியிருக்கவில்லை. ஆகையால் தூ காங் எதிர்ப்பின்றி உள்ளே வந்தான். உள்ளே ஏதோ மஞ்சளாகத் தெரியவே வாளை உருவியபடி, "மஞ்சள் உடுத்தவன் எவன்?" என்று கர்ஜித்தான். நால்வரும் பணிவோடு கைகாட்டினார்கள். வாழ்நாளில் முதல் தடவையாகக் கௌவுக்குத் தம் கழுத்து தம்முடையதாகத் தோன்றியது.

தூ காங் அறிவுள்ளவன். அவனுக்கு வந்த துன்பமெல்லாம் அதனால்தான். "இது கோவேறு கழுதை!" என்றான்.

"மும்முறை மறுத்தவர், பிரபு" என்றான் சூ. "எண்ணினேன்."

தூ காங்கின் வாள் உயர்ந்தது. அவனுடைய கொடி தாங்கும் கிழவன் ஓடிவந்து கையைப் பிடித்தான். "பிரபு, வேண்டாத வேலை. படைக்குச் சோறு கிடைக்காமல் போகும்."

"கழுதையையா அரசென்கிறாய்?"

"சென்ற அரசர் மட்டும் எப்படி இருந்தாராம்? நாம் வணங்கவில்லையா?"

வீரர்கள் 'ஆமாம்' என்று முணுமுணுத்தார்கள். அந்நேரம் கழுதை திரும்பவே, அதன் முதுகில் இருந்த எழுத்தை முன்வரிசையில் ஒருவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்: "சூடான கஞ்சி கிடைக்கும்." ஆற்றைக் கடந்து வந்த வயிறுகள். "அரசாணை!" என்று சேனை முழுவதும் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

ஷியாங் அம்மாளின் கடையில் அண்டா ஏறியது. கௌ தம் மேற்சட்டையைக் களைந்துவிட்டுத் துடுப்பைப் பிடித்தார். கிண்டக் கிண்ட அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இத்தனை பேர் எதிரே உட்கார்ந்திருக்க, ஒருவனும் அவர் கழுத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அகப்பையைத்தான் பார்த்தார்கள். கஞ்சியின் மணம் எட்டியதும் சக்கரவர்த்தியும் அண்டாவை நோக்கி நடந்தார். அங்கி நழுவி வைக்கோலில் விழுந்தது.

"அரசு துறந்தார்" என்று மெங் அறிவித்தான்.

தூ காங்குக்கு வழி புலப்பட்டது. கழுதைக்குத் துறக்கத்தான் தெரிந்தது; இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியவில்லை. விட்டுக்கொடுக்கத் தெரிந்த ஒருவனை அரசனாக்கி, அவனிடமிருந்து முறையாகப் பெற்றுக்கொண்டால் என்ன? அண்டாவுக்கருகே வந்து தேனாகப் பேசினான்.

"கௌ, நீ அரசேற்றுக்கொள்ளேன்."

மஞ்சள் உடுத்தவனைத்தானே இவன் வெட்ட வந்தான் என்று கௌவுக்கு நினைவு வந்தது. "வேண்டாம் ஐயா."

"உனக்கென்ன குறை? ஏற்றுக்கொள்."

"ஐயையோ, வேண்டாம். அடிப்பிடிக்கிறது பாருங்கள்."

"ஒரு நொடிக்கு அப்பா!"

"வேண்டாமென்றால் விடுங்களேன்! ஆளைத் தொந்தரவு செய்துகொண்டு!" என்று துடுப்பை ஓங்கினார் கௌ.

பின்னால் விம்மல் கேட்டது. மெங்கும் சூவும் அழுதுகொண்டிருந்தார்கள். அழுதுகொண்டே பானின் தோள்களை மண்ணோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். அவன் முதல் 'வேண்டாம்' வந்தபோதே அங்கியை நோக்கிப் பாய்ந்திருந்தான். "மூன்று, ஐயா, மூன்று!" என்றான் சூ. அங்கி கௌவின் தோளில் ஏறியது. அவர் கை தானாகவே கழுத்துக்குப் போயிற்று.

தூ காங் வாளின் நுனியால் அந்தக் கையை மெல்ல விலக்கினான். "மகாராஜா, அரசை எனக்கு விட்டுக்கொடுத்தால் தங்கள் கழுத்து தங்களுக்கே. சம்மதமா?"

"சரி! சரி! சரி!" என்றார் மகாராஜா. அவருக்கு நன்றாக வரக்கூடியது அது ஒன்றுதான்.

சேனை முழுவதும் சாட்சியாக எழுந்து நின்றது. கௌ அங்கியைக் கழற்றி இரு கைகளாலும் நீட்டினார். தூ காங் முறை தெரிந்தவன். ஆசைப்பட்டவனாகத் தெரியக் கூடாதல்லவா? முகத்தை அப்பால் திருப்பி, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்து, தழுதழுத்த குரலில் கூறினான்: "வேண்டாம்."

அந்தச் சமயம் பார்த்து மெங்கும் சூவும் புதிய அரசரை வணங்கக் குனிந்திருந்தார்கள். பானின் தோளைப் பிடித்திருக்க ஒருவரும் இல்லை.

தூ காங் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோது கௌவின் கைகள் வெறுமையாக நீண்டிருந்தன. கோட்டை வாசலில், கம்பத்தின் உச்சியில், 'சூடான கஞ்சி கிடைக்கும்' என்று மஞ்சள் கொடி பறந்துகொண்டிருந்தது. அதன் கீழே அகப்பையோடு ஷியாங் அம்மாள் நின்றாள்.

"இன்னொரு தடவை எவனாவது அதில் கைவைக்கட்டும்" என்றாள்.

கஞ்சி குடித்த படையில் ஒருவனும் அவளை எதிர்க்கத் துணியவில்லை. மீதி இரண்டு மறுப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு தூ காங் வெகுநேரம் நின்றான். பிறகு படகேறிப் போனான். போகிற ஊரிலெல்லாம், "எனக்கு யாராவது அரசைக் கொடுங்களேன், நான் மறுக்க வேண்டியிருக்கிறது" என்று கேட்டுக்கொண்டு போனதாகச் சொல்வார்கள்.

கௌ கழுத்தை ஒருமுறை நீவிப் பார்த்துவிட்டு, அண்டாவைச் சுரண்டத் தொடங்கினார். மெங் தாடியை உருவியபடி அருகில் வந்தான். சூவும் பானும் பின்னால் நின்றார்கள். ஏதோ பெரிய காரியம் என்பது முகங்களில் தெரிந்தது.

"தளபதி ஐயா, பிந்திய வம்சம் நல்லபடியாக முடிந்தது" என்றான் மெங். "முந்திய வம்சத்தை எப்போது தொடங்கலாம்?"

இக்கதையைக் கேட்டவர் எவராயினும் அவர் வீட்டு அண்டாவில் கஞ்சி குறையாதிருக்கட்டும். 'வேண்டாம்' என்னும்படி எதுவும் வாராதிருக்கட்டும். தலையும் தோளும் ஒன்றையொன்று பிரியாமல் நெடுமாலின் அருளால் பல்லாண்டு வாழட்டும்.